மாலையானால் குழந்தை ஓயாமல் பால் கேட்கிறதே, தாய்ப்பால் போதவில்லையா?

பெரும்பாலும் அப்படி இல்லை. முதல் சில வாரங்களில், குறிப்பாக மாலை நேரத்தில், குழந்தை அரை மணிக்கொரு தடவை மார்பைத் தேடுவது இயல்புதான். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிப்பதும் வழக்கம்.

மார்பு பாலை நிரப்பி வைக்கும் குடம் அல்ல. ஆற்று மணலில் தோண்டிய ஊற்று மாதிரி. இறைக்க இறைக்கத்தான் ஊறும். குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து பாலை உண்டாக்குகிறது. பால் தேங்கி நின்றால் சுரப்பு குறைகிறது. 'பால் பத்தலை போல' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் புட்டியைக் கொடுத்தால், சரி, அன்றைக்கு அழுகை நிற்கும். ஆனால் ஊற்றில் இறைப்பு குறைந்துவிடும்.

இப்படி அடிக்கடி பால் கொடுப்பது களைப்பான வேலை, மறுக்க முடியாது. காம்பில் வலி இருந்தால், காம்பை மட்டும் கவ்வாமல் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் குழந்தை கவ்வுகிறதா என்று பாருங்கள். அதே நேரம் தாய்க்கும் நன்மை உண்டு: பால் கொடுக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருக்கி, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கையும் குறைக்கிறது.

அப்புறம், மார்பு கனக்காமல் தளர்ந்திருந்தால் பால் வற்றிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஐந்தாம் நாளுக்குப் பிறகு குழந்தை தினமும் ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுமான அளவு கிடைக்கிறது.