பதினாலு மாடியா, பதினோரு நிலையா?

கேள்வி: பழைய படத்துல ஹீரோ ஊர்ல இருந்து மெட்ராஸ் வந்தா உடனே எல்.ஐ.சி. பில்டிங்கைக் காட்டுவாங்க. எங்க தாத்தா டிவி முன்னாடி உக்காந்துகிட்டு, "இன்னாடா பெரிய எல்.ஐ.சி., நம்ம திருவண்ணாமலை கோபுரம் இதவிட ஒசரம்"னு சண்டைக்கே வந்துடுவாரு. நெசமா சார்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: தாத்தா கட்சிதான் ஜெயிக்குது. அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. எல்.ஐ.சி. 14 மாடி, 177 அடிதான். 1989 வரைக்கும் திருவண்ணாமலையும் நம்ம வடாற்காடு ஜில்லாங்கறதால பெருமையில நமக்கும் பங்கு உண்டு.

ஆனா கோபுரத்தைக் கீழ நின்னு கையெடுத்துக் கும்பிடலாம், மேல போய் டேபிள் போட்டு ஃபைல் பாக்க முடியாதுல்ல? சுண்ணாம்பும் செங்கல்லுமா கட்டிப் பழகின மெட்ராஸ்ல கான்கிரீட் தூண் மேல நின்ன ஆபீஸ் அது, 1959ல மொரார்ஜி தேசாய் திறந்து வெச்சப்போ அந்த மாதிரி கட்டடத்துல நாட்டுலயே உசரம்னு பேரு, ஊர்ல இருந்து வந்தவங்க மவுன்ட் ரோட்டுல கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்து மாடியை எண்ணிட்டுத்தான் நகருவாங்க. சினிமாக்காரனுக்கு இது போதாதா, ஒரே ஷாட்ல பட்டணம் வந்தாச்சுன்னு சொல்லிடலாம். என்ன, காட்பாடியில ரயிலேறி சென்ட்ரல்ல எறங்குற ஹீரோ அடுத்த செகண்டே எல்.ஐ.சி. வாசல்ல பொட்டியோட நிப்பாரு, நடுவுல ரெண்டு கிலோமீட்டர் எப்படி வந்தாருன்னு எந்த டைரக்டரும் சொன்னதில்ல!

இன்னொரு சங்கதி, அந்தக் கட்டடத்தை ஆரம்பிச்சது எல்.ஐ.சி.யே இல்ல. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் தொடங்கின எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன்னோட யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனிக்காக 1953ல வேலைய ஆரம்பிச்சாரு, அடுத்த வருஷமே சிங்கப்பூர் விமான விபத்துல போயிட்டாரு, 1956ல லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனிங்க எல்லாம் அரசுடைமை ஆனதும் பாதியில நின்ன கட்டடம் எல்.ஐ.சி. கைக்கு வந்துடுச்சு. லண்டன் ஆர்க்கிடெக்ட் பிரவுன் நடுவுல கிளம்பிட, நம்ம சென்னை எல்.எம். சித்தாலே முடிச்சுக் குடுத்தாரு. கட்ட நெனச்ச மனுஷன் பேரு இன்னிக்கு எத்தன பேருக்குத் தெரியும், சொல்லுங்க.

கேள்வி: இப்பவும் சென்னையில அதுதான் உசரமா?
– வாசகி, ஆற்காடு

பதில்: இல்லம்மா. பழைய மகாபலிபுரம் ரோட்டுப் பக்கம் நாப்பது மாடி தாண்டின அபார்ட்மென்ட்டே இருக்கு. எல்.ஐ.சி. பில்டிங் 1975ல பெரிய தீ விபத்து வேற பாத்துச்சு, ஆனாலும் நிக்குது. நேர்ல பாக்கணும்னா சென்ட்ரல்ல மெட்ரோ ஏறுங்க, ரெண்டாவது ஸ்டேஷன், பேரே எல்.ஐ.சி.தான்.