லண்டன்ல இருந்து மூணு நாள் வசந்தகால ட்ரிப், கிராமமும் பழைய இடமும் ரெண்டும் வேணும், எப்படி பிளான் பண்ணலாம்?

ஏப்ரல் கடைசியில அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்னு கேட்டிருக்கீங்க, நானும் இதே மாதிரி கூட்டிட்டுப் போனவன்தான். தங்குற இடத்தை மட்டும் மாத்தாதீங்க, மத்ததெல்லாம் அப்புறம். முதல் தடவை பாத், காட்ஸ்வோல்ட்ஸ், ஆக்ஸ்ஃபோர்டுன்னு மூணு நாள்ல மூணு ஊர் வச்சேன், பெட்டியைக் கட்டுறதும் பிரிக்கிறதுமாவே போச்சு, அம்மாவுக்கு முட்டி வலி வேற, எந்த இடத்துலயும் நிம்மதியா உக்காந்து பார்க்க முடியல, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

அடுத்த வருஷம் சாலிஸ்பரில ரூம் போட்டு அங்கேயே இருந்தோம். லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன்ல இருந்து ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரம்தான். அந்த ஊர் கதீட்ரலுக்கே அரை நாள் கொடுங்க. கோபுரம் 123 மீட்டர், பிரிட்டன்ல இதைவிட உயரமான சர்ச் கோபுரம் கிடையாது, 1215ல இங்கிலாந்து ராஜாவோட அதிகாரத்துக்கு எல்லை போட்ட மேக்னா கார்ட்டா சாசனத்தோட மூலப் பிரதிகள் நாலுல ஒண்ணு உள்ளே இருக்கு. 1386 வாக்குல செஞ்ச ஒரு கடிகாரமும் இருக்கு, அதுக்கு முள்ளும் இல்ல டயலும் இல்ல, மணி அடிக்க மட்டும் செஞ்சது, அப்பா அதைச் சுத்திச் சுத்தி வந்துட்டே இருந்தாரு.

பெரிய பெரிய கல்லை வட்டமா நட்டு வச்ச பழங்கால இடமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு சாலிஸ்பரி ஸ்டேஷன்ல இருந்தே டூர் பஸ் இருக்கு, டிக்கெட்டை முன்னாடியே டைம் போட்டு புக் பண்ணிடுங்க, காலையில முதல் ஸ்லாட்டா இருந்தா நல்லது. விசிட்டர் சென்டர்ல இருந்து கல்லு வரைக்கும் 2 கிலோமீட்டர் இருக்கும், ஷட்டில் விடுறாங்க, ஆனா முடிஞ்சவங்க நடந்தே போங்க, புல்வெளி நடுவுல வானம்பாடி சத்தம் கேட்டுட்டே போய் தூரத்துல அந்தக் கல்லைப் பார்க்கிறது தனி அனுபவம்.

கார் எடுக்கிறதா இருந்தா ஒரு நாள் ஏவ்பரிக்குன்னே வச்சுடுங்க. என்னைக் கேட்டா ஸ்டோன்ஹெஞ்சைவிட இதான் மனசுல நிக்கும், கல்வட்டத்துக்குள்ளயே ஒரு கிராமம் இருக்கு, கல்லைத் தொட்டுப் பார்க்கலாம், பக்கத்துலயே ஆட்டுக்குட்டி மேயும். அங்கிருந்து அந்தக் கால மனுஷங்க கட்டின சில்பரி மேட்டை ஒட்டி நடந்தா வெஸ்ட் கென்னட்னு ஒரு கல்லறை, 5,500 வருஷத்துக்கு மேல பழசு, உள்ளேயே போய் நிக்கலாம். அம்மா ஏவ்பரிலயே மரத்தடியில உக்காந்துட்டாங்க, அப்பாவும் நானும் மட்டும் போனோம்.

டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம் எல்லாம் சாயங்காலம் சீக்கிரமே மூடிடுவாங்க, ஆனா ஏப்ரல் கடைசியில எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால அதையெல்லாம் காலையில முடிச்சுட்டு நடக்கிறதை சாயங்காலம் வச்சுக்கோங்க. மே முதல் திங்கள் பேங்க் ஹாலிடே, அதாவது பொது விடுமுறை, அந்த வீக்கெண்டுல கூட்டம் தாங்காது, அதுக்கு முந்தின வாரம் போனா மார்ல்பரோ பக்கத்துல வெஸ்ட் வுட்ஸ் காட்டுல ப்ளூபெல் பூக்க ஆரம்பிச்சிருக்கும். மழை பெஞ்சிருந்தா வழியெல்லாம் சேறு, அம்மாவுக்கு நல்ல க்ரிப் இருக்கிற ஷூ இப்பவே வாங்கி வச்சுடுங்க.