எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களிட்டு எழுதிய கோப்பு) தரவை, பெயர்-மதிப்பு ஜோடிகளாக வைக்கும் பைத்தான் டிக்‌ஷனரியில் போட்டால் போதாதா, ஒவ்வொரு மதிப்பும் எண்ணா, தேதியா என்று வகை சொல்லி கிளாஸ் (தரவுக்கான வார்ப்பு) எழுதத்தான் வேண்டுமா?

உங்களுக்கும் யாரோ ஒரு சீனியர் "கிளாஸ் எழுது" என்று சொல்லி, அது வெட்டி வேலையாகத் தோன்றியிருக்கும். எழுதிவிடுங்கள். நான் எழுதாததால் ஒரு பெரியவர் தலைகுனிந்து நின்றார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவுக்கு வெள்ளிக் கடை. பட்டறைக்காரர்களுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்; கொலுசாகத் திரும்பி வந்ததும் கணக்குத் தீரும். கணக்கு மென்பொருள் தரும் எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரு தடவை கொடுத்த வெள்ளி) எடை, தேதி, நிலுவை என்று பண்புகள். தீர்ந்த லாட்டுக்கு நிலுவை 'நோ'. அதை அப்படியே, ஒரு மதிப்பை உண்மை (ட்ரூ) அல்லது பொய் என்று மாற்றும் பைத்தானின் பூல் ஃபங்ஷனுக்குக் கொடுத்தேன். காலியாக இல்லாத எந்தச் சரமும் (எழுத்துத் தொடரும்) அதற்கு ட்ரூதான், 'நோ' உட்பட. தீர்ந்த லாட்டெல்லாம் நிலுவையில் ஏறிவிட்டது.

பட்டியலைப் பார்த்து, அதிலிருந்த பட்டறைக்காரப் பெரியவர் ஒருவரை மாமா கூப்பிட்டு அனுப்பினார். "ஒரு குந்துமணி வெள்ளிகூட என்கிட்ட இல்லீங்க தம்பி" என்றார் அந்தப் பெரியவர், என்னைப் பார்த்து. பழைய சிட்டையை எடுத்துப் பார்த்த பிறகுதான் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிரவே டேட்டாகிளாஸுக்கு மாறினேன்; ஃபீல்டுகளின் (தகவல் கட்டங்களின்) பெயரும் வகையும் சொன்னால் உருவாகிவிடும் கிளாஸ் அது. பைத்தான் 3.7 முதல் கூடவே வருகிறது. ஆனால் 'எடை: டெசிமல்' (தசம எண்ணை அப்படியே துல்லியமாக வைக்கும் வகை) என்று எழுதினால் மட்டும் மதிப்பு மாறிவிடாது, அது வெறும் குறிப்பு, சரம் சரமாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு ஃபீல்டின் மெட்டாடேட்டாவிலும் (கூடுதல் குறிப்பிலும்) எக்ஸ்எம்எல் பெயர், மாற்றும் ஃபங்ஷன், கட்டாயமா என்ற மூன்றையும் வைத்தேன். ஒரே ஒரு ஃபங்ஷன் ஃபீல்டுகளை வரிசையாகப் படித்து மாற்றிவிடும். நிலுவைக்கு 'யெஸ்', 'நோ' தவிர எது வந்தாலும் பிழை. எடைக்கு, தசமத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வேண்டாம், அதில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வரும். வெள்ளிக் கணக்கில் அதை யாருக்கும் விளக்க முடியாது.

"இதற்கு ரெடிமேட் லைப்ரரி இருக்கிறதே" என்று கமெண்டில் வருவீர்கள். எக்ஸ்எம்எல்லின் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்எஸ்டி கோப்பு கையில் இருந்தால், அதிலிருந்து கிளாஸ்களை உருவாக்கித் தரும் எக்ஸ்எஸ்டேட்டா லைப்ரரி நல்லது, மறுக்கவில்லை. எனக்கு அந்தக் கோப்பு கிடைக்கவில்லை.

இதையெல்லாம் ஒரு நேர்காணலில் சொன்னபோது, "சொந்தக்காரர் கடைக்கு எழுதியது அனுபவமாகாது" என்றார்கள். பட்டறைக்காரர்களின் கூலி இந்த நிரலை நம்பி நடக்கிறது. வேறு எதைத்தான் அனுபவம் என்பார்கள்?

இன்னொன்று: பண்பே இல்லையென்றால், அதை எடுத்துத் தரும் கெட் மெத்தட் சத்தமில்லாமல் நன் (None, 'எதுவுமில்லை') கொடுக்கும். கட்டாயமான பண்பு என்றால் படிக்கும்போதே, லாட் எண்ணோடு பிழை காட்டச் செய்யுங்கள்.