நெப்போலியன் இல்லாத செயின்ட் ஹெலினா

கேள்வி: செயின்ட் ஹெலினா என்றால் நெப்போலியனைச் சிறைவைத்த தீவு என்பதற்கு மேல் சொல்ல அங்கே என்ன இருக்கிறது? நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஒரு பாறைக்கு 28 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டி விமான நிலையம் கட்டியது வீண் செலவு இல்லையா? நெப்போலியன் சமாதியைப் பார்க்க அவ்வளவு தூரம் யார் போகப்போகிறார்கள்?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நெப்போலியன் அங்கே இருந்தது 1815 அக்டோபரிலிருந்து 1821 மே 5 வரை, ஐந்தரை ஆண்டுகள். தீவின் வயது சுமார் 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகள். கொஞ்ச காலம் குடியிருந்துவிட்டுப் போனவர் பெயரிலேயே வீட்டுக்குப் பட்டா எழுதிக் கொடுக்கிறீர்கள். அவரைச் சற்று நேரம் வாசலில் நிற்கவைத்துவிட்டுப் பேசுவோம்.

தென் அட்லாண்டிக் கடல்தரையிலிருந்து எரிமலைக் குழம்பு கக்கிக் கக்கி எழுந்த மலையின் உச்சிதான் அந்தத் தீவு. நீருக்கு மேலே தெரிவது 122 சதுர கிலோமீட்டர் மட்டும். எரிமலை அடங்கி ஏறக்குறைய 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஆப்பிரிக்கக் கரை 1,900 கிலோமீட்டருக்கு அப்பால். காற்றும் கடலும் பறவைகளும் கொண்டுவந்து சேர்த்த விதைகள் தம் போக்கில் வளர்ந்து, வேறெங்கும் இல்லாத வடிவங்களை எடுத்தன. சூரியகாந்திக் குடும்பத்துச் செடி அங்கே காடாக நின்றது. மேய்கிற விலங்கு ஒன்றுகூட இல்லாததால் முள்ளுக்கும் கசப்புக்கும் அவசியம் ஏற்படவில்லை.

1502-ல் ஜோவாவ் ட நோவா என்ற போர்ச்சுகீசிய மாலுமி கேரளக் கரையிலிருந்து ஊர் திரும்பும் வழியில் தீவைக் கண்டார். மே 21 என்று நாள் குறித்துக் கொண்டாடுகிறார்கள். அந்தத் தேதியை ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. மனிதர் எவரும் அங்கே இல்லை. அடுத்தடுத்து வந்த கப்பல்கள், திரும்பி வரும்போது இறைச்சிக்கு ஆகும் என்று ஆடுகளை இறக்கிவிட்டுப் போயின. அந்தக் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

முதல் குடியிருப்பாளரின் கதை கோவாவில் தொடங்குகிறது. ஃபெர்னாவ் லோப்பஸ் என்ற போர்ச்சுகீசியச் சிப்பாய் பீஜப்பூர்ப் படையோடு சேர்ந்துகொண்டு மதமும் மாறினார். 1512-ல் பிடிபட்டபோது, உயிரை எடுப்பதில்லை என்று போர்ச்சுகீசிய கவர்னர் அல்புகெர்க் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கைக் காப்பாற்றினார். உயிரை விட்டுவிட்டு வலது கையையும் இடது கைக் கட்டைவிரலையும் மூக்கையும் காதுகளையும் எடுத்துக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்துத் தாய்நாடு திரும்பும் கப்பல் செயின்ட் ஹெலினாவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது, அந்த முகத்தோடு லிஸ்பனில் இறங்க மனமில்லாமல் லோப்பஸ் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார். துணைக்கு ஒரு சேவல். இடையில் ஒருமுறை போர்ச்சுகலுக்கும் ரோமுக்கும் போய்ப் போப்பாண்டவரிடம் பாவமன்னிப்புப் பெற்றவர், திரும்பத் தீவுக்கே அனுப்பும்படி கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். 1545 வாக்கில் இறக்கும்வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கேதான். ஐந்தரை ஆண்டு இருந்தவருக்குச் சமாதி உண்டு. இவருக்கு ஒரு கல்கூடக் கிடையாது. தானே விரும்பித் தங்கியவர் என்ற ஒரு காரணத்துக்காகவாவது இவரைத்தான் நான் முதலில் சொல்வேன். பிறகு வந்தவர்களில் பாதிப் பேர் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள்.

1659-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தீவை எடுத்துக்கொண்டது. 1673-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், சில மாதங்களில் கம்பெனிக்குத் திரும்பியது. மதராஸிலும் கல்கத்தாவிலும் ஏற்றிய சரக்கு லண்டன் போகும் வழியில் தண்ணீருக்கும் காய்கறிக்கும் நிற்கிற இடம் அது. வேலைக்கு மடகாஸ்கரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். எட்மண்ட் ஹாலி இருபது வயதில் அங்கே போய், மேகமூட்டத்தைத் திட்டிக்கொண்டே தென்வானத்து விண்மீன்களைப் பட்டியலிட்டதும் இந்தக் காலத்தில்தான்.

இப்போது ஆட்டுக் கணக்கு. அந்தத் தீவில் கருங்காலி என்று அவர்கள் பெயரிட்ட ஒரு மரம் இருந்தது. கருங்காலி மாலை விற்பவர்கள் பரபரக்க வேண்டாம். இது செம்பருத்தி வகையறா. அதை வெட்டிக் கோட்டைக்குச் சுண்ணாம்பு சுட்டார்கள். எஞ்சியதன் கன்றுகளை ஆடு தின்றது. காடு அழிகிறது, ஆடுகளை ஒழிக்க வேண்டும் என்று கவர்னர்கள் லண்டனுக்கு எழுதினார்கள். கருங்காலியைவிட ஆடுதான் பெறுமதி, தொடாதீர்கள் என்று 18-ஆம் நூற்றாண்டில் கம்பெனி இயக்குநர்கள் பதில் போட்டார்கள். நூறாண்டுக்கும் மேலாக அற்றுப்போனதாகவே எண்ணப்பட்ட அந்த மரம், 1980-ல் ஒரு செங்குத்துப் பாறையில் ஆட்டின் வாய் எட்டாத இடத்தில் இரண்டே இரண்டு புதர்களாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவர்களில் ஒருவர் தீவுக்காரரான ஜார்ஜ் பெஞ்சமின். கயிறு கட்டி இறங்கி அதிலிருந்து எடுத்த துண்டுகளிலிருந்துதான் இன்று தீவில் ஆயிரக்கணக்கான செடிகள் நிற்கின்றன. செயின்ட் ஹெலினா ஆலிவ் மரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வளர்ப்பில் இருந்த கடைசி மரமும் 2003-ல் போய்விட்டது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. வங்காள கவர்னர் ஜெனரலை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக்கி, மதராஸின் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பறித்தது 1833 சாசனச் சட்டம் என்று மனப்பாடம் செய்கிறீர்களே, செயின்ட் ஹெலினாவைக் கம்பெனியிடமிருந்து மன்னர் கைக்கு மாற்றியதும் அதே சட்டம்தான். பிரிட்டனின் சட்டப் புத்தகத்தில் இன்று அதன் பெயர் ‘செயின்ட் ஹெலினா சட்டம்’.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். அடிமை வியாபாரக் கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை மடக்கிப் பிடித்து, 1840 முதல் சுமார் 30 ஆண்டுகளில் 25,000-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைத் தீவில் இறக்கியது. விடுதலை என்று பெயர். ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கு முகாமில் அம்மையும் வயிற்றுப்போக்கும் சுமார் 8,000 பேரைக் கொன்றன. பிழைத்தவர்களில் பெரும்பாலோரை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். இறந்தவர்களைப் புதைத்துவிட்டு மறந்தார்கள். நீங்கள் வீண் என்கிற அந்த விமான நிலையத்துக்குப் பாதை போடத் தோண்டியபோது, 2007-08-ல் 325 பேரின் எலும்புகள் வெளிவந்தன. பெரும்பாலும் சிறுவர்கள், இளவயதினர். சிலரிடம் எண் பொறித்த உலோகத் தகடு இருந்தது. சிலரிடம் கப்பலிலும் கழற்றாத மணிகள் இருந்தன. அவர்களை மறுபடி அடக்கம் செய்ய 2022 ஆனது.

சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தது. 1855-ல் 1,100 கப்பல்கள் வந்த துறைமுகத்துக்கு 1889-ல் வந்தவை 288. பிழைப்பு போன தீவைச் சிறைச்சாலையாக மட்டும் லண்டன் மறக்காமல் பயன்படுத்திக்கொண்டது: ஜூலு மன்னர் டினுஜூலு, பிறகு தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனோடு போரிட்ட டச்சு வம்சாவளிப் போயர் கைதிகள் சுமார் 6,000 பேர். இடையில் கயிறு திரிக்க நியூசிலாந்து நார்ச்செடியைப் பயிரிட்டு ஓரளவு தலைதூக்கினார்கள். 1966-ல் பிரிட்டிஷ் தபால் துறை செயற்கை இழைக்கு மாறியது, ஆலைகள் மூடப்பட்டன. 1981 குடியுரிமைச் சட்டம், பிரிட்டனில் போய் வாழும் உரிமையையும் பறித்தது. 2002 மே 21 அன்று, தீவு கண்டுபிடிக்கப்பட்ட ஐந்நூறாம் ஆண்டு நாளில், அது திரும்பக் கிடைத்தது.

விமான நிலையத்தைக் கட்டியவர்கள் சொதப்பியது உண்மை. காற்றின் வெட்டு (வேகமும் திசையும் சட்டென்று மாறுவது) ஆபத்தானது என்று 2016-ல் சோதனை விமானம் இறங்கிய பிறகு கண்டுபிடித்தார்கள். மலை விளிம்பில் தான் நின்ற இடம் அசைவில்லாமல் இருக்க, சில கஜம் தள்ளிப் பறவைகள் கடும் காற்றோடு போராடியதை டார்வின் 1836-லேயே எழுதிவைத்திருந்தார், படித்திருக்கலாம். 2017 அக்டோபரில் பயணிகள் விமானம் வரத் தொடங்கியது, சிறிய விமானம்தான். அதற்கு முன் கேப் டவுனிலிருந்து கப்பலில் ஐந்து நாள். நெஞ்சுவலி வந்தவரிடம் போய் ஐந்து நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிறகு என்னிடம் வீண் செலவைப் பற்றிப் பேசுங்கள். முந்நூறு ஆண்டுகள் சத்திரமாகவும் சிறையாகவும் இடுகாடாகவும் வைத்துக்கொண்டவர்கள் கொடுத்த பணம் அது. கொடை என்று நான் எழுத மாட்டேன்.

சமாதியைப் பார்க்க யார் போவார்கள் என்றும் கேட்டீர்கள். நெப்போலியன் உடலை 1840-லேயே தோண்டியெடுத்துப் பாரிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தீவில் இருப்பது வெற்றுக் குழி. மேலே பெயரில்லாத பலகைக்கல். ‘நெப்போலியன்’ என்று மட்டும் பொறிப்பதா, ‘போனபார்ட்’டையும் சேர்ப்பதா என்று அவருடைய ஆட்களும் பிரிட்டிஷ் கவர்னரும் சண்டையிட்டதில் ஒன்றுமே பொறிக்கவில்லை. அந்த இடமும் அவர் குடியிருந்த லாங்வுட் மாளிகையும் 1858 முதல் பிரான்ஸ் அரசின் சொத்து.