ஸ்டெம் செல் ஊசி போட்டால் கரு தங்குமா?

இரண்டு தடவை ஐ.வி.எப் செய்தும் கரு தங்கவில்லை, கருவின் தரம் நல்லது என்கிறார்கள், கர்ப்பப்பையில் ஸ்டெம் செல் (பிரிந்து புதுக் கலங்களை உண்டாக்கும் மூலக்கலம்) குறைவு என்று சொல்லி ஒரு இடத்தில் ஊசி போடச் சொல்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். நான் டொக்டர் இல்லை. கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், மூன்று தடவை கரு கலைந்திருக்கிறது, அந்த நாட்களில் நித்திரை வராமல் வாசித்துத் தள்ளியதுதான் இதெல்லாம்.

எங்கள் வன்னியில் இந்தக் கதை வந்தாலே வித்து, நிலம் என்று தொடங்கிவிடுவார்கள். நிலம் சரியில்லையாம். யாரைச் சொல்கிறார்கள் என்று விளங்கும்தானே. எனக்கு அந்த உவமையே பிடிக்காது, ஏனென்றால் போன காலபோகத்தில் நெல் விதைத்த மண்தான் இந்தக் காலபோகத்துக்கும் கிடக்கிறது, கர்ப்பப்பையின் உள்படலம் அப்படியா? மாதாமாதம் உதிர்ந்து போய், ஒரு மில்லிமீற்றர் அளவில் மிஞ்சியதிலிருந்து பத்து நாளைக்குள் ஐந்து, ஏழு மில்லிமீற்றருக்குத் தடிக்கிறது. வாழ்நாளில் ஏறக்குறைய 400 தடவை. வரம்பில் மாடு மேய்ந்துவிட்டுப் போன அறுகம்புல்லைத்தான் இதற்குச் சொல்லலாம். மேலே ஒன்றும் இல்லை, அடியில் கட்டை உயிரோடு இருக்கிறது. உள்படலத்தில் உதிராமல் நிற்கும் அந்த அடிப்படலத்தில் ஸ்டெம் செல்கள் இருக்க வேண்டும் என்று 1978-லேயே ஊகித்தார்கள், ஆனால் மனிதக் கர்ப்பப்பையிலிருந்து எடுத்த கலங்களில் அதற்கான முதல் ஆதாரத்தைக் காட்டியது 2004-இல், மெல்போர்னில் கரோலின் கார்கெட்டின் குழு. தனியாக விட்டால் ஒரு கூட்டமாகவே பெருகக்கூடிய கலங்கள் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருந்தன.

சரி, கரு தங்குவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? முட்டை வெளிவந்து ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் கரு ஒட்டக்கூடிய காலம். அதற்குள் புரோஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் படலத்தின் கலங்களையெல்லாம் மாற்றி, கருவை ஏற்கத் தயாராக்கி வைக்க வேண்டும், பெரும்பாலான விலங்குகளில் கரு வந்த பிறகுதான் இந்த மாற்றம் தொடங்கும், எங்களுக்குக் கரு வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் நடக்கும். (மாதவிடாய் வருவதற்கே அதுதான் காரணம், வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.) ஸ்டெம் செல் குறைந்தால் புதுக் கலங்கள் போதாமல் மூப்படைந்த கலங்கள் மிஞ்சி, இந்த மாற்றம் ஒழுங்காக நடக்காது என்று கருதுகிறார்கள். பிரித்தானியாவில் வோரிக் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரோசன்ஸ் குழு 183 பெண்களின் படலத்தைப் பார்த்து 2016-இல் சொன்னது இது: அடிக்கடி கரு கலையும் பெண்களுக்கு இந்த ஸ்டெம் செல்கள் குறைவாக இருக்கின்றன.

கவனியுங்கள், அது அடிக்கடி கலைபவர்களைப் பற்றியது. ஐ.வி.எப்-இல் ஒட்டவே ஒட்டாத உங்கள் நிலைமை கொஞ்சம் வேறு, இரண்டையும் ஒரே பேச்சில் சேர்த்துத்தான் அந்த ஊசியை விற்கிறார்கள். அதே குழு பிறகு சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் சிற்றாக்ளிப்டின் குளிசையை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தது, ஸ்டெம் செல் எண்ணிக்கை 68 சதவீதம் கூடியது. ஆனால் மொத்தம் 38 பெண்கள்தான், எண்ணியது கலங்களை, பிறந்த பிள்ளைகளை அல்ல. இதை வாசித்துவிட்டு மாமியின் குளிசைப் பெட்டியைத் திறந்து பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன், நீங்களாகப் போடாதீர்கள்.

ஸ்டெம் செல் விசயம் நிஜமாகவே கைக்கெட்டும் இடம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. கரு கலைந்த பிறகு கழுவுகிறார்கள் அல்லவா, ஆழமாகச் சுரண்டப்பட்டால் அந்த அடிப்படலமே போய்விடும், கட்டை இல்லாத இடத்தில் புல் எங்கே வரும், தழும்புதான் வரும், உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அஷர்மன் நோய் என்பது இதுதான். கர்ப்பப்பையில் காசநோய் வந்தாலும் இப்படி ஆகலாம். முதல் தடவை கழுவிய பிறகு எனக்கு மாதவிடாய் பெயருக்குத்தான் வந்தது, உடம்பு பலவீனம் என்று சத்துமாவு கரைத்துக் கொடுத்தார்கள், நானும் குடித்தேன். இரண்டு வருசம் கழித்து, இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போய்க் கர்ப்பப்பைக்குள் கமெரா விட்டுப் பார்த்தபோதுதான் தழும்பு தெரிந்தது. வெட்டி விட்டார்கள். பிறகும் ஒன்று கலைந்தது, அடுத்தது தங்கியது. வெட்டியதால்தான் தங்கியது என்று நான் சொல்லமாட்டேன், மாமி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நேர்த்தி என்கிறார்.

உங்களுக்கு முன்பு கழுவியிருந்தால், இரத்தப்போக்கு குறைந்திருந்தால், ஊசிக்கு முதல் கமெரா. தைரொயிட் பார்த்தாயிற்றா? உங்கள் கணவரைப் பரிசோதித்தார்களா? கருவின் தரம் நல்லது என்பது கண்ணால் பார்த்துச் சொல்வது, ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி நிறமூர்த்தப் (குரோமோசோம்) பிழையால் போகிறது, அது உருவத்தில் தெரியாது.

படலத்தைக் கீறிவிட்டால் ஒட்டும் என்றும் கொஞ்சக் காலம் எல்லா இடமும் செய்தார்கள். 2019-இல் 1364 பெண்களில் சோதித்த முடிவு வந்தது, கீறியவர்களில் 26.1 சதவீதத்துக்குப் பிள்ளை, கீறாதவர்களிலும் 26.1. ஆகவே ஊசி போடச் சொல்பவரிடம் இதே கணக்கைக் கேளுங்கள், போட்டவர்களில் எத்தனை பிள்ளை, போடாதவர்களில் எத்தனை பிள்ளை என்று. அப்படிச் சொன்ன ஒருவரிடம் நான் கேட்டபோது அவர் கோப்பை மூடிவிட்டு, அடுத்த நம்பரைக் கூப்பிடச் சொன்னார்.