அமெரிக்காவில் பி.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்கிறேன். இங்கிலீஷ் காம்போசிஷன், மதம், நாடகம் என்று மூன்று பாடங்கள் பட்டியலில் இருக்கின்றன. எதை எப்போது எடுப்பது, எதில் கவனம் தேவை?

இந்த மூன்றில் காம்போசிஷனை மட்டும் முதல் செமஸ்டரில் எடுங்கள். மற்ற இரண்டையும் அப்புறம், செமஸ்டருக்கு ஒன்றாக. அவற்றில் மார்க் பெரும்பாலும் கட்டுரைக்குத்தான். அந்தக் கட்டுரையை எழுதப் பழக்குவது காம்போசிஷன்.

பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட், ஒரு பாடத்துக்கு 3. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வெளியே இரண்டு மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆக ஒரு பாடம் வாரத்துக்கு 9 மணி நேரம் தின்னும். 'ஆர்ட்ஸ் பேப்பர்தானே' என்று நான்கு டெக்னிகல் பாடங்களோடு ஒட்டுப் போட்டால் நவம்பரில் மூச்சு முட்டும். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வின் மார்க் அட்மிஷனுக்கு உதவும், காம்போசிஷனிலிருந்து விலக்கு தராது. பள்ளியிலேயே எழுதும் கல்லூரி மட்டத் தேர்வான ஏ.பி.யில், இங்கிலீஷ் லாங்குவேஜில் 4 அல்லது 5 இருந்தால் பல கல்லூரிகளில் ஒரு பாடம் கழியும்.

காம்போசிஷனில் நம் ஆட்கள் வழுக்குவது இலக்கணத்தில் அல்ல, வாதத்தில். 'செல்போனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்று எழுதினால் அது தீசிஸ், அதாவது கட்டுரையின் மைய வாதம், ஆகாது. மறுத்துப் பேச யாருக்கும் அதில் இடமில்லை. 'பள்ளியில் செல்போனை முழுவதும் தடுப்பதைவிட மதிய இடைவேளையில் மட்டும் அனுமதிப்பது நல்லது. முழுத்தடை ஒளித்துப் பார்க்கத்தான் பழக்கும்' என்று எழுதுங்கள். இப்போது ஒருவர் சண்டைக்கு வரலாம். இனி ஒவ்வொரு பத்தியும் இந்த வாக்கியத்தைத் தாங்க வேண்டும், தாங்காத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டு. இரண்டாம் டிராஃப்ட் என்பது ஸ்பெல்லிங் திருத்துவதல்ல, பத்திகளை இடம் மாற்றி, தேவைப்பட்டால் தீசிஸையே மாற்றுவது.

இன்னொரு பள்ளம்: மூலத்தில் உள்ள வாக்கியத்தில் அங்கங்கே நாலு வார்த்தையை மாற்றி எழுதுவது. நம் ஊரில் அது 'சொந்த நடை'. அங்கே காப்பி, மூலத்தின் பெயரைப் போட்டிருந்தாலும்கூட. படித்துவிட்டுப் பக்கத்தை மூடுங்கள், நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு திறந்து சரிபார்த்து மூலத்தைக் குறியுங்கள். கட்டுரையை அமைக்கும் முறைகளில் ஒன்றான எம்.எல்.ஏ. வடிவத்தில் டபுள் ஸ்பேஸ், சுற்றிலும் ஒரு அங்குல மார்ஜின், வலது மேல்மூலையில் குடும்பப்பெயரும் பக்க எண்ணும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் விசாவில் உங்கள் பெயரே சர்நேம் ஆகி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்திருக்கும். கல்லூரிப் பதிவில் சர்நேமாக எது இருக்கிறதோ அதையே போடுங்கள்.

மதப் பாடத்தில், கல்லூரி அரசுடையதா தனியாருடையதா என்பது முக்கியம். 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் வழிபாடாக பைபிள் வாசிப்பதைத் தடுத்தது. மதத்தைப் பற்றிப் பாடமாகப் படிக்கலாம் என்றும் சொன்னது. அரசுப் பல்கலைக்கழக வகுப்பு அந்த இரண்டாவது வகை. நோட்ரடாம், ஜார்ஜ்டவுன் போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் இறையியலே இரண்டு பாடம் கட்டாயம். எங்குமே உங்கள் நம்பிக்கைக்கு மார்க் இல்லை. 'எங்கள் வீட்டில் இப்படித்தான்' என்பது சான்றாகாது, தலபுராணத்தை வரலாறாக எழுதினாலும் அடிபடும். 'பக்தர்கள் இப்படி நம்புகிறார்கள்' என்று எழுதி மூலத்தைக் காட்டுங்கள். அறிமுகப் பாடநூல்களில் இந்து சமயம் என்றால் வேதம், உபநிடதம் என்றே பெரும்பாலும் போகும், அய்யனாருக்கு இடம் கிடைப்பது அபூர்வம். அந்தக் குறையையே ஆய்வுக் கட்டுரையாக்கலாம், நல்ல தலைப்பு.

நாடகம் என்ற பெயரில் மூன்று வேறு பாடங்கள் இருக்கலாம். இங்கிலீஷ் துறை நடத்தினால் நாடகப் பிரதி வாசிப்பு; தியேட்டர் துறையின் அறிமுகப் பாடம் என்றால் நாடகம் பார்த்து எழுதுவது; நடிப்பு என்றால் எழுந்து நின்று நடித்தே ஆக வேண்டும். பதிவு செய்யுமுன் சிலபஸைக் கேட்டு வாங்குங்கள். நடிப்பு வகுப்பில் வருகைதான் உயிர், சில நாள் லீவிலேயே கிரேடு இறங்கும். நாடகம் பார்த்து எழுதும்போது கதைச்சுருக்கம் வேண்டாம். ஒரே கணத்தைப் பிடியுங்கள்: விளக்கு எங்கே விழுந்தது, நடிகர் எந்தப் பக்கம் முதுகைக் காட்டினார், அதனால் நமக்கு எது தெரிந்தது, எது மறைந்தது.

கடைசியாக விசா. மாணவர் விசாவான எஃப்-1-ல் இளங்கலைக்குச் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட். அந்த 12-ல் முழு ஆன்லைன் வகுப்பு 3 கிரெடிட்டுக்கு மேல் சேராது. சரியாக 12 எடுத்துவிட்டு நாடகம் பிடிக்கவில்லை என்று நடுவில் விலகினால் விசா நிலையே சிக்கலாகும். 15 எடுங்கள், விலகுமுன் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதியை வாங்கிவிடுங்கள்.