ஹெச்.எம். ஆன முதல் வருடம்: எதை நீங்களே செய்ய வேண்டும், எதைப் பிரித்துக் கொடுக்கலாம்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் அரசு யு.பி. (அப்பர் பிரைமரி) பள்ளியில் தமிழ் மீடியம் ஆசிரியை நான். தமிழ், மலையாளம் இரண்டு பிரிவும் உண்டு. வரும் ஜூனில் இதே பள்ளிக்கு ஹெச்.எம். (தலைமை ஆசிரியை) ஆகிறேன். நேற்று வரை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்களை எப்படி வேலை வாங்குவது? பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. மதிய உணவு, ஆன்லைன் பதிவு, கூட்டம் என்று அலைந்து, இப்போதைய ஹெச்.எம். வகுப்புப் பக்கமே வர முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

டீச்சர், வகுப்புப் பக்கமே வர முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஹெச்.எம். மேசைக்கு வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றை வேறொருவர் செய்ய முடியும். வேறு யாரும் செய்ய முடியாதவை கொஞ்சம்தான்: பிள்ளைகள் உண்மையில் கற்கிறார்களா என்று பார்ப்பது, அவர்களின் பாதுகாப்பு, பணக் கணக்கில் போடும் கையெழுத்து, ஆசிரியர்களுக்குள் நியாயம். இவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிரித்துக் கொடுங்கள்.

தினமும் ஒரு பீரியட் நேரத்தை வகுப்புகளுக்கு என்று டைம்டேபிளிலேயே எழுதி வையுங்கள். எழுதாத நேரத்தை ஃபோன் தின்றுவிடும். போனால் பின் பெஞ்சில் உட்காருங்கள். டீச்சரைப் பார்ப்பதைவிடப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பாருங்கள். நான்காம் வகுப்பில் மூன்று பேரிடம் இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமா வாசிப்பா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நம் எல்லைப் பள்ளிகளுக்கே உரிய சில சிக்கல்கள் நோட்டில்தான் தெரியும். மலையாள டிக்டேஷனில் ‘காந்தி’ என்று சொன்னால், தமிழ் மீடியம் பிள்ளை முதல் எழுத்தைத் தவறாக எழுதும். தமிழில் ஒரே ‘க’ இருக்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள். இதற்குச் சிவப்பு மையில் சுழித்துப் பயனில்லை. அந்த நான்கையும் காதால் பிரித்துக் கேட்கப் பழக்க வேண்டும். மலையாளம் எடுக்கும் டீச்சரும் தமிழ் எடுக்கும் டீச்சரும் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் தீர்கிற விஷயம் இது. அப்படி அவர்களை உட்கார வைக்க உங்களால்தான் முடியும். ஆசிரியர்கள் சேர்ந்து பாடங்களைத் திட்டமிடும் எஸ்.ஆர்.ஜி. கூட்டத்தில் சர்க்குலர் வாசிப்பதைச் சுருக்கி, இந்த மாதிரி நோட்டுகளை மேசையில் பரப்புங்கள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் டீச்சரிடம் சொல்வது நீளமாக இருக்க வேண்டாம். “பின் பெஞ்சுல மூணு பேர் கழித்தல்ல கடன் வாங்குற இடத்துல நின்னுடுறாங்க டீச்சர். நாளைக்கு அவங்களை மட்டும் ஒரு பத்து நிமிஷம் தனியா உட்கார வெச்சுப் பார்க்கலாமா?” இவ்வளவு போதும். மறுவாரம் அதே மூன்று பேரின் நோட்டைப் போய்ப் பாருங்கள். திரும்பி வந்து பார்க்கிற ஹெச்.எம். என்று தெரிந்துவிட்டால், சொன்ன சொல்லுக்குத் தானாக மதிப்பு வரும்.

கூட வேலை பார்த்தவர்களைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. நட்பை விட வேண்டியதில்லை, சலுகையைத்தான் விட வேண்டும். தாமதமாக வருபவர் உங்களுக்கு நெருக்கமானவர் என்றால், முதலில் அவரிடம்தான் பேச வேண்டும். ஸ்டாஃப் ரூமில் வேண்டாம், தனியாகப் பேசுங்கள். லீவில் இருப்பவரின் வகுப்பை யார் எடுப்பது என்பதில்தான் பள்ளிகளில் பாதிச் சண்டை. அந்தப் பட்டியலை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுங்கள். உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும்.

சரி, பாதுகாப்புக்கு வருகிறேன். 2019 நவம்பரில் வயநாட்டு சுல்தான் பத்தேரியில், வகுப்பறையில் இருந்த பொந்திலிருந்து வந்த பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இறந்துபோனாள். அந்த ஓட்டை எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டேதான் இருந்தது. கடித்த பிறகும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதமானதாகச் சக மாணவர்களே சொன்னார்கள். 2004 ஜூலை 16 கும்பகோணம் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். கூரைக்கொட்டகையும் குறுகலான வழியும் அதற்கு முன்பும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கட்டடத்துக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வாங்குவதோடு நிறுத்தாமல், பள்ளி திறப்பதற்கு முன் ஒவ்வோர் அறையாக நீங்களே நடந்து பாருங்கள். சுவர் அடியில் விரிசல், கழிவறைத் தாழ்ப்பாள், கிணற்று மூடி, சமையலறை காஸ் குழாய், தென்னை மரத்தடியில் விளையாடும் இடம். தோப்புகளுக்கு நடுவே இருக்கும் நம் பக்கத்துப் பள்ளிகளில் பாம்பு பயம் உண்மையான பயம். யாரையாவது கடித்தால் எந்த வண்டி, ஆன்டிவெனம் உள்ள எந்த ஆஸ்பத்திரி, கூடப் போவது யார் என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பெற்றோர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொரு பொறுப்பைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஒரு பிள்ளை பாலியல் தொல்லை பற்றிச் சொன்னாலோ, அப்படிச் சந்தேகிக்க இடம் இருந்தாலோ, 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருந்து, நிறுவனத் தலைவராகிய நீங்கள் மறைத்தால், 21ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை. முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவோம் என்பதற்கெல்லாம் அங்கே இடம் கிடையாது. பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள், பெயர் வெளியே போகாமல் பாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எல்லா வகுப்புச் சுவரிலும் பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருக்கட்டும். பிரம்பு விஷயமும் அப்படித்தான்: கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியையும் மன வதையையும் தடை செய்கிறது. “நல்லா அடிச்சு வளர்த்துங்க டீச்சர்” என்று பெற்றோரே சொன்னாலும் அது அனுமதி ஆகாது.

மதிய உணவுதான் உங்களை அதிகம் அலைக்கழிக்கும். காய்கறி, முட்டை, பாலுக்கு முதலில் ஹெச்.எம். கைக்காசு போட்டோ கடையில் கடன் சொல்லியோ வாங்கிவிட்டு, பிறகு பணம் வரக் காத்திருக்கும் நிலை கேரளாவில் 2023இல் உயர் நீதிமன்றம் வரை போனது. தலைமை ஆசிரியர் தலையில் இந்தச் சுமையை ஏற்றுவது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனாலும் அன்றன்றைய எண்ணிக்கையை அன்றன்றே எழுதுங்கள். வராத பிள்ளைக்குச் சாப்பாடு போட்டதாக ஓர் இலக்கம்கூட ஏறக் கூடாது. பாக்கி எவ்வளவு என்று ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்துக்கு மாதம் தவறாமல் எழுத்தில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இதே நேர்மை ஆறாவது வேலை நாள் கணக்கிலும் வேண்டும். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் இருக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிற்கிறது, போகிறது. ஒரு டிவிஷன் (வகுப்புப் பிரிவு) போய்விடும் என்ற பயத்தில், பொள்ளாச்சிப் பக்கம் சேர்ந்துவிட்ட பிள்ளையின் பெயரை விட்டுவைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சொல்பவர் வேலை போகப்போகிற உங்கள் தோழியாகவே இருக்கலாம். கேட்காதீர்கள். மாணவர் விவரங்களைப் பதிவு செய்யும் ஆன்லைன் தளமான சம்பூர்ணாவில் ஏறும் ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

எண்ணிக்கையை ஏப்ரல், மே மாதங்களில் வீடு வீடாகப் போய்த்தான் பிடிக்க முடியும். பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தமிழ் மீடியத்துல படிச்சா அப்புறம் என்ன ஆகும்?” உருக்கமாகப் பேசாமல் தகவலாகச் சொல்லுங்கள். பாடநூல்களைத் தயாரிக்கும் கேரள அரசு அமைப்பான எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழிலும் பாடநூல் போடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி.யைத் தமிழில் எழுதலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. தமிழ் மீடியம் ஆசிரியர் பணிக்கு பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தனியாகவே அறிவிப்பு விடுகிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு வசதி செய்யச் சொல்வது அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு. கூடவே, உங்கள் பள்ளிப் பிள்ளை மலையாளமும் இங்கிலீஷும் வாசிப்பதை அந்த வீட்டுத் திண்ணையிலேயே காட்ட முடிய வேண்டும். நான் முதலில் சொன்ன வகுப்பு நேரம் இதற்கும் சேர்த்துத்தான்.

பள்ளி நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் தோப்பு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற அம்மாக்கள் எப்படி வருவார்கள்? வேலை விட்டு வரும் நேரத்தில் வையுங்கள், கையெழுத்து வாங்க நோட்டை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஆன்லைன் வேலையைக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்த ஒருவர் தலையில் மட்டும் கட்டாமல் இரண்டு மூன்று பேருக்குப் பழக்குங்கள். பாஸ்வேர்டும் கடைசிச் சரிபார்ப்பும் உங்களிடம் இருக்கட்டும். மலையாளச் சர்க்குலர் புரியாமல் தமிழ்ப் பிரிவு டீச்சர்கள் கடைசி நாளில் ஓடுவது பழைய கதை. மலையாளப் பிரிவில் ஒருவரை வைத்து, என்ன, எப்போது என்று இரண்டு வரியில் தமிழில் குரூப்பில் போடச் சொல்லுங்கள்.

இதில் பெரும்பாலானவை ஜூனுக்குப் பிறகு. சார்ஜ் எடுக்கும் அன்று அவசரப்படாதீர்கள். கேஷ் புக்கையும் பாஸ் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரிசி மூட்டையை எண்ணி ஸ்டாக் ரெஜிஸ்டரோடு ஒப்பிடுங்கள். அட்மிஷன் ரெஜிஸ்டரின் கடைசி எண், சர்வீஸ் புக்குகள், ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் ஆகியவற்றைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். குறைவது எதுவோ அதை ஒப்படைப்புத் தாளில் எழுதுங்கள். பொறுப்பை விட்டுப் போகிறவருக்கும் அது பாதுகாப்பு. கடைக்காரருக்கு உள்ள மதிய உணவுப் பாக்கியையும் அதே தாளில் தேதியோடு எழுதி வாங்கிவிடுங்கள்.